பத்து வரை எண்ண முடியாதவன்

அவர் 11 ஆண்டுகள் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். 'ழ' எழுதும்போது வாலை எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது தெரியும். மூத்த மகளுக்கு எந்த மாதத்தில் திருமணம் நடந்தது என்பதுகூட நினைவிருந்தது. ஓய்வுபெற்றவர்கள் கூடிய ஒரு சந்திப்பில் அவர் ஓடிவந்து என் கையைப் பற்றிக்கொண்டபோது பெயர் மட்டும் வரவில்லை. கால் மணி நேரம் "நீங்கள்", "உங்களுக்கு" என்று ஒப்பேற்றிப் பேசி முடித்தேன். பெயரே சொல்லாமல் ஒருவரிடம் அவ்வளவு நேரம் அன்பாகப் பேசுவது எப்பேர்ப்பட்ட வித்தை என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு வயது 66. பிழைப்பு முழுக்க மெய்ப்புத் திருத்துவதில் போனது. பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் விட்டுப்போன ஒற்றின் மேல் கண் தானாகப் போய் நிற்கும். அப்படிப்பட்டவன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி இரவில் எழுந்து பார்த்தேன். மனைவியிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டேன். "நேற்றிரவே சொன்னேனே" என்று அவள் சொல்லும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நழுவியது.

காரணம் உண்டு. என் அம்மாவின் கடைசி நான்கு ஆண்டுகள் மறதி நோயில் கழிந்தன. ஒருநாள் என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் தேடமாட்டார்களா, புறப்படுங்கள்" என்றாள். பெற்ற மகனிடம் பன்மையில் பேசினாள். அந்த மரியாதை இன்றும் வலிக்கிறது. அதனால் எனக்கு ஒரு பெயர் வரவில்லை என்றால், வராமல் போனது அந்தப் பெயர் மட்டுமல்ல, அம்மாவின் அந்த நாளும் கூடவே வந்து நிற்கும்.

தியானத்தில் உட்கார்ந்தது ஞானம் தேடி அல்ல. உண்மையைச் சொல்வதென்றால், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடத்தான். தியானம் செய்தால் மூளை தடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நல்லதாகப் போயிற்று, சோதனை எதுவும் வேண்டாம், வீட்டிலேயே உட்கார்ந்து மூளையைத் தடிக்க வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் நாளுக்கு 40 நிமிடம், தரையில், சம்மணமிட்டு. முழங்கால் பத்தாவது நிமிடமே பேச ஆரம்பித்துவிடும். அது ஓய்ந்தால் தூக்கம் வந்துவிடும். ஆறாம் நாள் குறட்டைச் சத்தம் கேட்டு விழித்தேன், குறட்டை என்னுடையது. தியானம் எனக்கு ஒத்துவராது என்று தீர்மானித்து விடவிருந்த நேரத்தில், முதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மையாரிடம் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கும் எழுபதை ஒட்டிய வயதுதான்.

"நாற்காலியில் உட்காருங்கள். கால் பாதம் தரையில் படட்டும். கண்ணை முழுக்க மூட வேண்டாம், பாதி போதும். 12 நிமிடம். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். நடுவில் தொலைந்துபோனாலும் ஒன்றுக்கே வந்துவிடுங்கள்." அவ்வளவுதான் அவர் சொன்னது. மந்திரம் இல்லை, விளக்கம் இல்லை. பத்து வரை எண்ண எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

12 நிமிடம் முடிந்ததும் கேட்டார், "எந்த எண்ணில் தொலைந்தீர்கள்?"

"நான்கில்."

"தொலைந்தது எப்போது தெரிந்தது?"

"பதினேழில்."

அவர் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்பதுபோல் தலையாட்டினார். எனக்குத்தான் அது பெரிய செய்தியாக இருந்தது. பத்தில் நிற்க வேண்டிய எண்ணிக்கை பதினேழு வரை போயிருக்கிறது. எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன், பிழையில்லாமல், வரிசையாக. நான் மட்டும் அங்கே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதினேழு மண்டைக்குள் உருண்டுகொண்டே வந்தது.

மெய்ப்புப் படித்தவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். பிற்பகலில், மூன்றாவது படிவத்தில், கண் வரிவரியாக இறங்கிக்கொண்டிருக்கும், விரல் பக்கத்தைத் திருப்பும், ஆனால் ஒரு சொல்கூட உள்ளே போயிருக்காது. மறுநாள் அந்தப் பக்கத்தில் பிழை கிளம்பினால் "பார்க்க மறந்துவிட்டேன்" என்போம். உண்மையில் மறக்கவில்லை, பார்க்கவே இல்லை. அடுப்பும் பூட்டும் அப்படித்தானே? கை அணைத்தது, கை பூட்டியது. அந்த நேரத்தில் நான் நாளைய வேலையிலோ நேற்றைய சண்டையிலோ இருந்தேன். உள்ளே எதையும் வைக்காத பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பொருள் களவுபோய்விட்டது என்று கூச்சலிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நினைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பதிய வைப்பது, பாதுகாப்பது, வேண்டும்போது எடுப்பது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, மூளையின் இரு பக்கமும் உள்ளே மடிந்து கிடப்பது, புதிய நிகழ்வுகளைப் பதிய வைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. வயது ஏற ஏற அது மெல்லச் சுருங்குகிறது. ஆனால் அது நன்றாகவே இருந்தாலும், கவனம் கொண்டுவந்து கொடுக்காத ஒன்றை அதனால் சரியாகப் பதிய முடியாது. கவனமோ எல்லா வயதிலும் ஊர்சுற்றிதான். 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் பகலின் வெவ்வேறு நேரங்களில் கைபேசி வழியாக விசாரித்தார்கள். கேட்ட நேரங்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் அவர்களின் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. இளைஞருக்கு அது கவனக்குறைவு. நமக்கு வந்தால் உடனே அல்சைமர் பயம்.

அந்தப் பயமும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "இதுவும் மறந்துவிடுமோ" என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓடும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததில் பெயரைக் கேட்டிருக்க மாட்டேன். மூன்றாவது மாதத்தில்தான் அந்தக் குரலை முதன்முதலாகக் கையும் களவுமாகப் பிடித்தேன். மூச்சு ஆறாவது எண்ணில் இருந்தது. தெருவில் எதுவோ நடந்தது, அதற்கு ஒரு சொல் வரவில்லை, உடனே அம்மாவின் முகம். வழக்கமாக இங்கிருந்து அரை மணி நேரம் கலங்கிப்போவேன். அன்று "பயம் வந்திருக்கிறது" என்று தோன்றியது, அதன்பின் எண்ணிக்கை ஒன்றுக்கு வந்தது. பயம் போய்விடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

இனி காது விஷயம். இதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான்காவது மாதம் அம்மையார் வேறொரு பயிற்சி கொடுத்தார். மூச்சை விட்டுவிட்டு, காதில் விழும் ஒலிகளை மட்டும் கவனிக்க வேண்டும். பெயர் வைக்காமல், நல்லது கெட்டது பார்க்காமல். மனைவியும் நானும் ஒரே அறையில், அடுத்தடுத்த நாற்காலிகளில் செய்தோம். முடிந்ததும் என்னென்ன கேட்டது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு மூன்று: மின்விசிறி, தூரத்து வண்டி, நாய். அவளுக்கு ஏழு. அதில் ஒன்று சுவர்க்கடிகாரம்.

"கடிகாரம் சத்தம் போடுகிறதா?" என்றேன்.

"எப்போதும் போடுகிறதே. எண்ணிக்கையைக் கெடுத்ததே அதுதான்."

எழுந்துபோய்க் கடிகாரத்துக்கு அடியில் நின்றேன். நொடிமுள் துள்ளித் துள்ளிப் போவது தெரிந்தது. ஒலி இல்லை. காதை ஒட்டிவைத்த பிறகுதான் லேசாக ஒரு தட்டல் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "நேற்றிரவே சொன்னேனே" என்ற அந்த வாக்கியம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கேட்புச் சோதனையில் இரண்டு காதிலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை, அதாவது கீச்சென்ற ஒலிகளை, கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது தெரிந்தது. வயதானவர்களுக்குப் பொதுவாக அப்படித்தான் முதலில் குறையும். பேச்சு கேட்கும், ஆனால் மெய்யெழுத்துகள் மழுங்கும். எதிராளியின் பெயர் பாதி கேட்கும், மீதியை ஊகித்துக்கொள்வோம். பாதி கேட்ட பெயர் எப்படி நினைவில் நிற்கும்? முழுச் செலவையும் கேட்பதற்கே செய்துவிட்டால் பதிய வைக்க மூளையிடம் மிச்சம் ஏது? ஒற்று விட்டுப்போனால் பொறுக்காதவன், பல ஆண்டுகளாக ஒற்றில்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்!

காதுக்கருவி பொருத்திக்கொண்டேன். அதோடு வெட்கம் விட்டு, ஓராண்டாகத் தள்ளிப்போட்ட நரம்பியல் மருத்துவரிடமும் போனேன். ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு வேலைகள் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். (கடிகாரம் என்னை விடுவதாக இல்லை.) நான்கு சொற்கள் வந்தன. ஐந்தாவதற்கு "அது ஒரு நிறம்" என்று குறிப்புக் கொடுத்ததும் வந்துவிட்டது. அதில் அவருக்குத் திருப்தி. குறிப்புக் கொடுத்தால் வருகிறது என்றால் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம் என்று பொருளாம். அல்சைமர் நோயில் பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தாலும் வராது என்றார். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. வயதானால் அது உடலில் சேர்வது குறையும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் குறையலாம். தூக்கம் வரட்டும் என்று நானாகவே போட்டுக்கொண்டிருந்த ஒவ்வாமை மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வகை மாத்திரைகளில் சில முதியவர்களின் நினைவை மங்கச் செய்யுமாம்.

ஆக, என் "மறதி"யில் ஒரு பங்கு காது, ஒரு பங்கு பி12, ஒரு பங்கு மாத்திரை, பெரும்பங்கு கவனமின்மை, எல்லாவற்றின் மேலும் தூவிய பயம். தியானம் இதில் எதைக் குணப்படுத்தியது? கடைசி இரண்டைக் கொஞ்சம். முதலாவதைக் காட்டிக்கொடுத்தது. இதைச் சொல்லாமல் "தியானத்தால் என் நினைவாற்றல் திரும்பியது" என்று எழுதினால் அது பொய்.

அந்தப் பொய்யைத்தான் நிறையப் பேர் எழுதுகிறார்கள். மூளை தடிக்கும் என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 2005-ல் ஸாரா லாஸர் என்ற நரம்பியல் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், நெடுநாள் தியானம் செய்த 20 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, செய்யாத 15 பேரோடு ஒப்பிட்டார்கள். கவனத்தோடும் உடலுணர்வோடும் தொடர்புள்ள சில பகுதிகளில் தியானம் செய்தவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருந்தது, அந்த வேறுபாடு வயதானவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. 2016-ல் எய்லீன் லூடர்ஸ் முதலானோர் 50 பேரை 50 பேரோடு ஒப்பிட்டபோது, 50 வயதில் தியானம் செய்பவர்களின் மூளை ஏழரை ஆண்டு இளமையாக மதிப்பிடப்பட்டது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் இவை ஒரு நேரத்தில் எடுத்த படங்கள். இருபது ஆண்டு தியானம் செய்யக்கூடியவர் நன்றாகத் தூங்குபவராகவும் புகைக்காதவராகவும் அளவாக உண்பவராகவும் இருக்கக்கூடும். இளமை தியானத்தால் வந்ததா, அந்த வாழ்க்கையால் வந்ததா என்று படம் சொல்லாது.

2011-ல் எட்டு வாரப் பயிற்சியிலேயே ஹிப்போகாம்பஸில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த திசு) கூடியதாக ஓர் ஆய்வு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் 16 பேர். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 2022-ல் 218 பேரின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது அப்படி எந்த மாற்றமும் தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், நினைவு குறைகிறது என்று கவலைப்பட்ட 65 முதல் 84 வயது வரையிலான 585 பேரைக் கொண்ட பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மனநிறைகவனம் எனப்படும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, உடற்பயிற்சி, இரண்டும் சேர்த்து, வெறும் உடல்நலக் கல்வி என்று நான்கு குழுக்கள். நினைவுத் தேர்வில் பயிற்சிக் குழுக்கள் எதுவும் முந்தவில்லை. பிரான்சில் 18 மாதம் நடந்த இன்னோர் ஆய்வில் ஒரு குழு தியானம் செய்தது, ஒரு குழு ஆங்கிலம் கற்றது. எதிர்பார்த்த மூளைப் பகுதிகளின் அளவில் வேறுபாடு இல்லை. கவனத்தை ஒழுங்குபடுத்துவது, உணர்வுகளைக் கையாள்வது, தன்னைப் பற்றி அறிவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீட்டில், மொழி கற்றவர்களைவிடத் தியானம் செய்தவர்கள் மேலாக இருந்தார்கள்.

இதைப் படித்த அன்று ஏமாந்துபோன கோபம் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூளைக்குச் சதை போடுகிறது என்று நம்பிச் செய்த நாட்களைவிட அன்று எளிதாகவே இருந்தது. மதிப்பெண் போட யாரும் பக்கத்தில் இல்லை.

தூக்கத்தைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல சாட்சி உண்டு. 2015-ல் சராசரி 66 வயதுள்ள 49 பேரிடம் செய்த சோதனையில், ஆறு வார மனநிறைகவனப் பயிற்சி பெற்றவர்களின் தூக்கம், தூக்க ஒழுங்குகளை மட்டும் கற்றவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. நான் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி நிறுத்திய பிறகு, படுக்கையில் அதே எண்ணிக்கையை ஓட்டுகிறேன். அங்கே பத்துக்குள் தொலைந்துபோனால் நல்லது. நன்றாகத் தூங்கிய மறுநாள் பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பகலில் பதிந்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

காலை 12 நிமிடத்தோடு நின்றுவிடாமல் பகலுக்குள் கொண்டுவந்த சில பழக்கங்கள்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தன. பூட்டைத் திருப்பும்போது ஒரு முழு மூச்சு வெளியே போகும்வரை கையை எடுப்பதில்லை. "பூட்டினேன், செவ்வாய்க்கிழமை" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். கிழமையைச் சேர்ப்பது முக்கியம், இல்லாவிட்டால் நேற்றுப் பூட்டிய நினைவு இன்றைய நினைவாக வேடம் போடும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்று விழிப்பது கிழடு தட்டியதன் அடையாளம் அல்ல. வாசலைத் தாண்டும்போது மூளை முந்தைய காட்சியை முடித்துவைக்கிறது என்பதை மாணவர்களை வைத்தே ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளர் 2011-ல் காட்டியிருக்கிறார். நான் வாசலிலேயே ஒரு மூச்சு நின்று, எடுக்கப்போகும் பொருளைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். புதிய பெயர் கேட்டால் உடனே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சரியாகக் கேட்காவிட்டால் "மறுபடி சொல்லுங்கள்" என்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு 67 வயதாக வேண்டியிருந்தது. நுனிநாக்கில் நிற்கும் பெயரைத் துரத்துவதை விட்டுவிட்டேன். துரத்தினால் தவறான பெயரே திரும்பத் திரும்ப வந்து வழியை அடைத்துக்கொள்ளும். விட்டால் பெரும்பாலும் சற்று நேரத்தில் தானாக வருகிறது. எதிர் மேசைக்காரரின் பெயர் அன்று இரவு பல் துலக்கும்போது வந்தது.

ஓர் எச்சரிக்கை. எல்லா நாளும் அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாலை கண்ணை மூடி அதிக நேரம் உட்கார்ந்திருந்தபோது, இறந்துபோன தம்பியின் நினைவு வந்து மூச்சு அடைத்தது, கைகள் நடுங்கின. அம்மையாரிடம் சொன்னேன். "அப்படி வந்தால் சகித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், பாதம் தரையில் படுவதை எண்ணுங்கள்" என்றார். சிலருக்குத் தியானம் பதற்றத்தைக் கூட்டும் என்பது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. மனச்சோர்வோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்கள் தனியாக நெடுநேரம் உட்கார வேண்டாம்.

இன்னொன்று, நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். சரிசெய்தால் மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. கேட்புத் திறன் குறைவு, கவனிக்கப்படாத பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. தியானம் செய்யாமை இல்லை. பழகிய தெருவில் வழி தடுமாறினால், கணக்குவழக்கு கைமீறினால், வீட்டிலுள்ளவர்கள் உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டால், அது நாற்காலியில் உட்கார்ந்து தீரும் விஷயமல்ல. அவசியம் மருத்துவரைப் பாருங்கள், காதையும் சேர்த்தே சோதியுங்கள்.

இப்போது எனக்கு 69. சென்ற மாதம் அதே மருத்துவர் வேறு ஐந்து சொற்கள் கொடுத்தார். மறுபடியும் நான்குதான் வந்தன. கூடவில்லை, குறையவுமில்லை. வீட்டில் சுவர்க்கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம், கருவி போட்டபிறகு அதன் சத்தம் என் எண்ணிக்கையையும் கெடுத்ததால். இன்று காலை முதல் சுற்றில் ஏழு வரை போனேன். எட்டாவது மூச்சில், கட்ட மறந்த மின்கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது. இது உண்மையிலேயே மறந்ததுதான். எழுந்ததும் போய்க் கட்டினேன்.